கோடிங் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன... எதை எடுப்பது?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வீடுகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். "பொண்ணு கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் எடுக்கப் போறா. காலேஜ் திறக்க நாள் இருக்கு. அதுக்குள்ள ஏதாவது படிச்சு வெச்சுக்கட்டுமா?" பெங்களூருவில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் 'ஜாவா' என்பார். எதிர்வீட்டு அண்ணன், 'பைத்தான் போதும், இனிமே எல்லாம் ஏ.ஐ.தான்' என்பார். தெருமுனை கம்ப்யூட்டர் சென்டரின் ஃப்ளெக்ஸ் போர்டு '100% பிளேஸ்மென்ட்' என்று கூப்பிடும். யூடியூபைத் திறந்தால் 12 மணி நேர வீடியோ ஒன்று, 'முப்பதே நாளில்' என்று இன்னொன்று, அதற்குக் கீழே நூறு பாகத் தொடர் ஒன்று. பொண்ணு எல்லாவற்றையும் சேவ் செய்து வைப்பாள். காலேஜ் திறக்கும்போது சேவ் செய்தது மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

பாடமே கிடைக்காமல் அலைந்த காலம் ஒன்று இருந்தது. 2001-ல் எம்.ஐ.டி. தன் பாடங்களை இணையத்தில் இலவசமாகப் போடப் போகிறோம் என்று அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2003-ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து என்பிடெல் என்ற இணையவழிப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. 2012-ல் ஹார்வர்டின் அறிமுகக் கம்ப்யூட்டர் வகுப்பான சிஎஸ்50, எட்எக்ஸ் என்ற இணையத் தளம் வழியாக எல்லோருக்கும் கிடைத்தது. இன்றைய சிக்கல் நேர் எதிரானது: பாடம் குவிந்து கிடக்கிறது, முடிப்பவர்கள்தான் குறைவு. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் நடத்திய வகுப்புகளை ஆராய்ந்து 2019-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. 2017-18-ல் சேர்ந்தவர்களில் கடைசிவரை முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். சும்மா எட்டிப் பார்க்கச் சேர்ந்தவர்களும் அதில் உண்டு என்பது உண்மைதான். அவர்களைக் கழித்தாலும், பாதியில் விட்டவர்கள் பெருங்கூட்டம்.

ஒரு பாடத்தை அதன் விளக்கத்தை வைத்து எடைபோடுவதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம் என்பது என் கணிப்பு. 'சூப்பரா புரிய வெச்சாருப்பா' என்பது நல்ல சர்டிஃபிகேட்தான். ஆனால் புரோகிராமிங்கில், புரிந்த மாதிரி இருப்பதற்கும் சொந்தமாகப் பத்து வரி எழுத வருவதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. விளக்கம் முடிந்த அடுத்த நிமிடம் அந்தப் பாடம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். ஒன்றுமே சொல்லவில்லை என்றால், எவ்வளவு பிரபலமான பாடமாக இருந்தாலும் தள்ளி வைக்கலாம்.

இந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம் என்பதை 2001-லேயே அளந்து பார்த்தார்கள். மைக்கேல் மெக்ராக்கன் தலைமையில் பல நாட்டு ஆசிரியர்கள் சேர்ந்து, நான்கு பல்கலைக்கழகங்களில் தொடக்கநிலை புரோகிராமிங் படித்த 216 மாணவர்களிடம் ஒரு கால்குலேட்டர் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். 110-க்கு சராசரி மதிப்பெண் 23-ஐக்கூடத் தொடவில்லை. 2004-ல் ரேமண்ட் லிஸ்டரின் குழு இன்னும் கீழே இறங்கிப் பார்த்தது. எழுதுவது இருக்கட்டும், கண் முன்னால் இருக்கும் சில வரிகளைப் படித்து 'இது ஓடினால் என்ன விடை வரும்' என்று சொல்வதற்கே பலர் திணறினார்கள். இவர்களெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து, விளக்கம் கேட்டு, தலையாட்டியவர்கள்தான்.

மூன்று வரிப் பரீட்சை

கீழே இருப்பது ஒரு முழுப் புரோகிராம். பைத்தான் 3, வேரியபிளுக்குத் தமிழ் எழுத்தில் பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்ளும். அதனால் இதை அப்படியே தட்டி ஓட்டலாம்.

அ = 5
ஆ = அ
அ = 7

இப்போது 'ஆ'வில் இருப்பது என்ன?

பள்ளிக் கணக்கில் ஊறியவர்கள் யோசிக்காமல் 7 என்பார்கள். அவர்கள் தர்க்கத்தில் குறையில்லை. இரண்டும் சமம் என்று சொல்லியாகிவிட்டது, ஒன்று மாறினால் மற்றதும் மாறத்தானே வேண்டும்? ஆனால் விடை 5. கணக்கு நோட்டில் சமக்குறி ஓர் உண்மையைச் சொல்கிறது. இங்கே அது ஒரு வேலையை ஏவுகிறது: வலப்பக்கத்தில் இருக்கும் மதிப்பைக் கண்டுபிடி, இடப்பக்கப் பெயருக்குக் கொடு. இரண்டாம் வரி ஓடிய நேரத்தில் 'அ'விடம் இருந்தது 5. அதை வாங்கிக்கொண்டதோடு 'ஆ'வின் கதை முடிந்தது. மூன்றாம் வரியில் 'அ'வுக்கு என்ன ஆனாலும் அதற்குக் கவலையில்லை.

நல்ல பாடம் இந்த இடத்தில் நிற்கும். விடையைச் சொல்வதற்கு முன் உங்களை ஊகிக்கச் சொல்லும், ஓட்டிப் பார்க்கச் சொல்லும், மூன்று வரியையும் இடம் மாற்றிப் போட்டு மறுபடி கேட்கும். மோசமான பாடம் 'வேரியபிள் என்பது ஒரு டப்பா' என்று ஒரு வரி சொல்லிவிட்டு டேட்டா டைப்புகளின் பட்டியலுக்குத் தாவிவிடும். ஆகவே எந்தப் புத்தகத்தை, எந்த வீடியோத் தொடரை எடுத்தாலும் முதலில் வேரியபிள் பாடத்தைத் திறந்து, இந்த மூன்று வரி மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். முன்னுரை, ஸ்டார் ரேட்டிங், எத்தனை லட்சம் வியூஸ் என்பதையெல்லாம்விட இந்த ஐந்து நிமிடம் அதிகம் சொல்லும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு இலவச வசதிகள் உண்டு. ஃபிலிப் குவோ 2010-ல் உருவாக்கிய 'பைத்தான் டியூட்டர்' தளத்தில் புரோகிராமைப் போட்டால், ஒவ்வொரு வரிக்கும் எந்தப் பெயரில் எந்த மதிப்பு இருக்கிறது என்று படம் போட்டுக் காட்டும். எஸ்டோனியாவின் டார்ட்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த 'தானி' எடிட்டரும் ஆரம்பநிலைக்காரர்களுக்கென்றே செய்யப்பட்டது; புரோகிராமை அடி அடியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டும். பின்னால் லிஸ்ட் என்ற பாடம் வரும். அங்கே 'ஆ = அ' என்று எழுதிவிட்டு 'அ'வுக்குள் புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அது 'ஆ'விலும் தெரியும். இது என்னடா புதுக் கூத்து என்று பலர் மூட்டை கட்டுவது அங்கேதான். முதல் படத்தை மனதில் சரியாக வரைந்துகொண்டவர்கள் அந்த இடத்தை எளிதாகத் தாண்டிவிடுவார்கள்.

தூசி படிந்த பாடங்கள்

அடுத்து தேதியைப் பாருங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு நின்றுவிட்டது. ஆனால் அதை வைத்து எழுதிய பாடங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. கண்டுபிடிப்பது சுலபம்: 'பிரிண்ட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி இல்லையென்றால் அது பழைய சரக்கு. அதை இன்றைய பைத்தானில் தட்டினால், அடைப்புக்குறியை விட்டுவிட்டாய், இதைத்தானே எழுத நினைத்தாய் என்று எரர் மெசேஜே திருத்திச் சொல்லும். ஆரம்பநிலைக்காரருக்கோ 'முதல் வரியே ஓடலையே, நமக்கு இது வராது போல' என்று தோன்றிவிடும்.

நம் ஊரில் இதைவிடப் பழைய சரக்கு டர்போ சி. நீலத் திரை, அதன் மேலே மஞ்சள் எழுத்து, கையில் லேப் ரெக்கார்டு நோட்டு. எண்பதுகளின் இறுதியில் வந்த அந்த மென்பொருளைப் பார்த்தாலே ஒரு தலைமுறைக்குக் கல்லூரி வாசம் அடிக்கும். 64 பிட் விண்டோஸில் அது தானாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளைப் போட்டு முட்டுக்கொடுத்து ஓட்டுகிறார்கள். ஓட்டினால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள், 8-ன் ஃபேக்டோரியலைக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். சரியான விடை 40,320. டர்போ சி-யில் முழு எண்ணை வைக்கும் சாதாரண 'இன்ட்' 2 பைட்தான், 32,767 வரைதான் தாங்கும். ஆகவே திரையில் மைனஸ் 25,216 என்று வந்து நிற்கும். அதே புரோகிராம் இன்றைய கம்பைலரில் சரியான விடையைத் தரும். 'இன்ட் என்றால் 2 பைட்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும் புத்தகம் கையில் இருந்தால், அது எந்தக் காலத்து கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னொரு வகைப் புத்தகத்தின் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு என்று விற்கும் கேள்வித் தொகுப்புகள். ஒரே வேரியபிளை ஒரே வரியில் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிவிட்டு 'விடை என்ன?' என்று கேட்டு, நான்கு ஆப்ஷனும் கொடுத்திருப்பார்கள். அப்படி எழுதினால் என்ன நடக்கும் என்பதை சி மொழியின் தரவிதிகள் வரையறுக்கவே இல்லை. கம்பைலருக்கு கம்பைலர் விடை மாறலாம். விடையே இல்லாத கேள்விக்கு மனப்பாடம் செய்த விடை! இப்படிப்பட்ட கேள்விகள் நிறைந்த புத்தகம் என்றால் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம்.

பெரிய புத்தகம், தவறான நேரம்

சீனியர்களின் சிபாரிசிலும் கவனம் தேவை. சி என்றாலே கெர்னிகனும் டென்னிஸ் ரிட்ச்சியும் எழுதி 1978-ல் வெளிவந்த புத்தகத்தைத்தான் சொல்வார்கள். சி-யை உருவாக்கியவரே சேர்ந்து எழுதியது, கச்சிதமானது, ஒரு சொல் கூடுதலாக இருக்காது. சந்தேகமே இல்லாமல் அற்புதமான புத்தகம். ஆனால் புதிதாகப் புரோகிராமிங் கற்பவருக்கான நூல் இது இல்லை என்று அதன் முன்னுரையே சொல்லிவிடுகிறது. வேரியபிள், லூப், ஃபங்ஷன் எல்லாம் ஓரளவு தெரிந்தவரை மனதில் வைத்து எழுதியது அது. முன்னுரையைப் படிக்காமல் சிபாரிசு செய்கிறார்கள், முன்னுரையைப் படிக்காமல் வாங்கித் திணறுகிறார்கள். 'நான் யாருக்காக எழுதுகிறேன்' என்று ஆசிரியர் முதல் இரண்டு பக்கத்தில் சொல்லியிருப்பதை மட்டும் படித்தாலே பாதிப் பணம் மிச்சம்.

எந்த மொழி என்ற பட்டிமன்றத்தில் அதிகம் தங்க வேண்டியதில்லை. முதல் செமஸ்டரில் சி இருக்கிறது என்றால் சி. பிரவுசரில் உடனே ஏதாவது அசைய வேண்டும் என்று ஆசைப்படுகிறவருக்கு ஜாவாஸ்கிரிப்ட். மற்ற எல்லோருக்கும் பைத்தான். ஒன்றில் கை பழகினால் அடுத்தது பாதி உழைப்பில் வந்துவிடும்.

கொஞ்சம் நின்று பேச வேண்டியது தமிழா ஆங்கிலமா என்பதைப் பற்றி. 'இங்கிலீஷ் வராது, அதனால கோடிங் வராது' என்று பயப்படும் பிள்ளைகள் ஏராளம். பைத்தானுக்கென்று ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தமே 35. பழைய சி தரத்தில் 32. இவ்வளவுதான் கட்டாய ஆங்கிலம். கருத்தைத் தமிழில் வாங்கிக்கொள்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. லூப் எப்படிச் சுற்றுகிறது என்பது தாய்மொழியில் சட்டென்று ஏறும். தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பிளஸ் ஒன் கணினி அறிவியலில் சி++, 2019-ல் வந்த பிளஸ் டூ புத்தகத்தில் பைத்தான். தமிழ்வழிப் பதிப்பும் உண்டு, இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஒரே சங்கடம், பிளஸ் டூ புத்தகத்தின் முதல் நான்கு பாடமும் கோட்பாடு, ஐந்தாவதில்தான் பைத்தான் தலைகாட்டுகிறது. சொந்தமாகப் படிப்பவர் நேராக ஐந்தாவது பாடத்துக்குப் போய்விட்டு, பிறகு திரும்பி வரலாம். 2012-ல் தொடங்கிய 'கணியம்' இதழும், அதையொட்டி வந்த 'எளிய தமிழில்' வரிசை மின்னூல்களும் தன்னார்வலர்களின் உழைப்பு, காசு கேட்பதில்லை. ஐ.ஐ.டி. பம்பாயின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்களுக்குத் தமிழ்க் குரலும் இருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற மொழியில் கட்டளைகளே தமிழ்தான்: 'பதிப்பி' என்றால் திரையில் எழுதும். சிறு பிள்ளைகளுக்கு முதல் ருசி காட்ட நல்ல கருவி.

ஆனால் எரர் மெசேஜ் ஆங்கிலத்தில்தான் வரும். அதைப் படிக்கப் பழகாமல் நகர முடியாது. நல்ல தமிழ்ப் பாடம் அந்த ஆங்கில வரியைத் திரையில் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லும் எதைச் சுட்டுகிறது என்று பிரித்துக் காட்டும். தப்பே வராமல் வழவழவென்று ஓடும் பாடம் எந்த மொழியில் இருந்தாலும் சந்தேகத்துக்குரியது. ஒரு சின்ன உதாரணம்: இரண்டு எண்களை வாங்கிக் கூட்டும் புரோகிராம். 10, 20 என்று கொடுத்தால் பைத்தானில் 30 வராது, 1020 வரும். கீபோர்டில் தட்டுவதை எல்லாம் அது எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். எண்ணாக மாற்றச் சொன்னால்தான் மாற்றும். பல வீடியோக்களில் முதலிலேயே மாற்றும் வரியைச் சேர்த்து 30 வரவைத்துவிடுவார்கள். 1020 வருவதை ஒரு தடவையாவது பார்த்துத் திடுக்கிட்டவருக்கு அது ஆயுசுக்கும் மறக்காது.

வீடியோவா, புத்தகமா?

வீடியோ பார்க்க வேண்டாம் என்று சொன்னால் இந்தக் காலத்தில் யாரும் கேட்கப்போவதில்லை. பாருங்கள், ஆனால் இரண்டு கையும் கீபோர்டில் இருக்கட்டும். ஆசிரியர் தட்டத் தட்டக் கூடவே தட்டுவது பாதி வேலை. வீடியோவை மூடிவிட்டு, அதே புரோகிராமை ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்ப்பது மீதிப் பாதி. அதில்தான் வண்டவாளம் தெரியும். இதைத் தவிர்த்துவிட்டு அடுத்த வீடியோ, அதற்கடுத்த வீடியோ என்று போகிறவர்களுக்கு 'டுடோரியல் ஹெல்' என்று ஐ.டி. வட்டாரத்தில் பெயரே வைத்துவிட்டார்கள்.

ஹார்வர்டின் சிஎஸ்50 வகுப்பை இவ்வளவு பேர் கொண்டாடுவதற்குக் காரணம் அதை நடத்தும் டேவிட் மேலனின் மேடை வித்தை மட்டும் இல்லை. இரண்டு மணி நேர லெக்சருக்குப் பின்னால், அதைவிட அதிக நேரம் விழுங்கும் வீட்டுப்பாடம் இருக்கிறது. ஸ்க்ராட்ச் என்ற எளிய மொழியில் தொடங்கி சி-க்கு வந்ததும், மாரியோ விளையாட்டில் வருவதுபோல '#' குறிகளால் படிக்கட்டு கட்டச் சொல்வார்கள். எத்தனை படி என்று பயனர் சொல்வார். ஒவ்வொரு வரியிலும் இடைவெளி எத்தனை, குறி எத்தனை என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். எழுதி அனுப்பினால் இயந்திரமே திருத்திச் சொல்லும். அனைத்தும் இலவசம். எட்எக்ஸ் சான்றிதழுக்குத்தான் காசு; ஹார்வர்ட் தரப்பு தனியாகத் தரும் சான்றிதழுக்கு அதுவும் கிடையாது. ஆங்கிலம் வேகமாக இருக்கும், சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில், சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்டின் மாதவன் முகுந்த் என்பிடெல்லில் நடத்தும் பைத்தான் வகுப்பு எனக்கு மிகப் பிடித்தது. முதல் நாளே இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தியை எடுத்துக்கொண்டு, அதைக் கண்டுபிடிக்கும் முரட்டு வழி, கொஞ்சம் நல்ல வழி, யூக்ளிட் காட்டிய வழி என்று செதுக்கிக்கொண்டே போவார். புரோகிராமிங் என்பது சிந்தனை என்பதை அவ்வளவு சீக்கிரம் யாரும் காட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் எட்டு வாரத்துக்குள் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வரை ஓடிவிடும். அடிப்படை கொஞ்சமாவது பழகிவிட்டுச் சேர்வது நல்லது. அந்த அடிப்படைக்கு ஆல் ஸ்வைகார்ட்டின் 'ஆட்டோமேட் த போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்' பொருத்தம். ஆசிரியரே இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கொடுத்திருக்கிறார். நூறு ஃபைல்களுக்குப் பெயர் மாற்றுவது, எக்செல் ஷீட்டைப் புரட்டுவது என்று ஆபீஸ் வேலையாகவே எடுத்துக்கொண்டு போவதால் பி.காம். படித்தவரும் பயப்படாமல் உட்காரலாம்.

லேப்டாப் இல்லாத வீடுகள் இன்னும் நிறைய. போனில் பைத்தான் ஓட்டும் செயலிகள் உண்டு, பிரவுசரிலேயே கூகுள் கொலாப் இருக்கிறது. வாசிக்கவும் ஓட்டிப் பார்க்கவும் போதும். ஆனால் பைத்தானுக்கு வரியின் தொடக்க இடைவெளி உயிர்நாடி. அதைப் போன் கீபோர்டில் சரிபார்த்துத் தட்டுவது பொறுமையைச் சோதிக்கும்.

கம்ப்யூட்டர் சென்டரில் சேர்வதா? கட்டாயப்படுத்தி உட்கார வைக்க ஆள் தேவைப்படுகிறவர்களுக்கு அதில் பயன் உண்டு. பணம் கட்டும் முன் ஒரு லேப் வகுப்பில் சும்மா உட்கார அனுமதி கேளுங்கள். மாணவர்கள் போர்டைப் பார்த்துக் காப்பி அடிக்கிறார்களா, அவரவர் புரோகிராமோடு மல்லுக்கட்டுகிறார்களா, மாட்டிக்கொண்டவரின் பக்கத்தில் போய் ஆசிரியர் கேள்வி கேட்கிறாரா, தானே கீபோர்டைப் பிடுங்கித் தட்டிவிடுகிறாரா என்று கவனியுங்கள். உட்காரவே அனுமதி இல்லை என்றால் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

பதிலைக் கொட்டும் பெட்டி

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, 'இனிமே எதுக்குப் படிக்கணும், அதுவே எழுதிடுதே' என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. எழுதிவிடுகிறது, நன்றாகவே எழுதுகிறது. அதனால்தான் ஆரம்பநிலைக்காரருக்கு அது ஆபத்தான வாத்தியார். கீபோர்டைப் பிடுங்கும் ஆசிரியரைப் போல, கேட்ட மாத்திரத்தில் முழு விடையையும் கொட்டிவிடும். சிஎஸ்50 குழு 2023-ல் தங்கள் மாணவர்களுக்கென்று தனியாக 'வாத்து' என்று அழைக்கப்படும் ஏ.ஐ. உதவியாளர் ஒன்றைச் செய்தது. விடையை நேரடியாகத் தராமல், எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் வழிகாட்டும்படி அதைப் பழக்கியிருக்கிறார்கள். அதே ஒழுங்கை நீங்களும் கொண்டுவரலாம். 'கோடு எழுதித் தராதே. இந்த எரர் என்ன சொல்கிறது, நான் எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். 'மூன்று வரிப் பரீட்சை மாதிரி எனக்கு இன்னும் ஐந்து கொடு, விடையைச் சொல்லாதே' என்று கேட்டுப் பாருங்கள். அலுக்காமல் கொடுக்கும். எந்த டியூஷன் மாஸ்டருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு நடுவில் வேறொன்றுக்குத் தாவுவது பெரும்பாலும் அலுப்பால் வருவது. லூப் வரும்போது கஷ்டமாக இருக்கிறது என்று இன்னொரு தொடரைத் திறந்தால், அது மறுபடி 'பைத்தானை இன்ஸ்டால் செய்வது எப்படி' என்று ஆரம்பிக்கும், சுலபமாக இருக்கும், முன்னேறுகிற மாதிரி தோன்றும். ஒரு பாடமும் ஒரு துணைப் புத்தகமும் தாராளம். விளக்கம் பிடிபடாத இடத்தில் மட்டும் துணைப் புத்தகத்தைத் திறக்கலாம்.

பாதி தூரம் வந்ததும், உங்கள் வீட்டு கரன்ட் பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடத்திலும் இல்லாத பயிற்சி இது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் அடுக்கடுக்காக விலை ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். யூனிட்டைக் கொடுத்தால் தொகையைச் சொல்லும் புரோகிராம் எழுதுங்கள். பார்க்க நாலு 'இஃப்' போட்டால் முடிகிற வேலை மாதிரி இருக்கும். 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குக் கீழே இருக்கும் சில யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை மாறிவிடும் என்பது கட்டணப் பட்டியலை உற்றுப் பார்க்கும்போதுதான் தெரியவரும். 499, 500, 501 என்று மூன்றையும் கொடுத்து ஓட்டுங்கள். பிறகு போன தடவை வந்த பில்லின் யூனிட்டைப் போட்டு, கட்டிய தொகையோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், எந்த அடுக்கில் இடிக்கிறது என்று பேனாவும் பேப்பருமாக உட்கார வேண்டியதுதான்.